ஆமைமேல் சவாரி செய்த துரையின் கதை உண்மையா?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மேலூர் பக்கம் பூர்வீக வீட்டைப் பிரித்தபோது தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் ஒரு கட்டு பத்திரிகைத் துண்டுகள் கிடைத்திருக்கின்றன. அதில் ஒன்றில் ஒரு வெள்ளைக்காரரின் கதை. கப்பல் உடைந்து ஆஸ்திரேலியக் கரையில் ஒதுங்கினார், 30 வருடம் அங்கிருந்த பழங்குடி மக்களோடு வாழ்ந்தார், அவர்களில் ஒரு பெண்ணை மணந்தார், கடலாமைமேல் ஏறிச் சவாரி செய்தார், முத்தும் தங்கமும் கொட்டிக் கிடந்ததைப் பார்த்தார் என்று போகிறது. பெயர் இருந்த இடம் கிழிந்துபோய் '...மாண்ட் துரை' மட்டும் மிச்சம். ஓரத்தில் தாத்தா பென்சிலால் 'நிஜமா?' என்று எழுதியிருக்கிறார். பின்பக்கத்தில் ஒரு தைல விளம்பரம், விலை 8 அணா. இது நடந்ததா, நடக்கவில்லை என்றால் பத்திரிகைக்காரர்கள் எப்படிப் போட்டார்கள், மற்ற துண்டுகளை எப்படிச் சோதிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நடக்கவில்லை. நீங்கள் சொல்லும் எல்லா விஷயமும் ஒரே ஆளிடம்தான் வந்து சேருகின்றன. அவர் தன்னை லூயி டி ரூஜ்மாண்ட் என்று சொல்லிக்கொண்டார். நிஜப் பெயர் ஹென்றி லூயி கிரின். 1847-ல் சுவிட்சர்லாந்தில் பிறந்தவர். 1898 ஆகஸ்டில் லண்டனின் 'வைட் வேர்ல்ட் மேகசின்' என்ற மாதப் பத்திரிகை அவருடைய கதையைத் தொடராகப் போட ஆரம்பித்தது. உண்மைச் சம்பவங்கள் மட்டும்தான் எங்களிடம் வரும் என்று சொல்லி விற்ற பத்திரிகை அது. அடுத்த மாதமே, பிரிஸ்டலில் கூடிய பிரிட்டிஷ் அறிவியல் கழகத்தின் மாநாட்டில் அவரை மேடையேற்றிப் பேச வைத்தார்கள். படித்தவர்கள் கூடிய சபை அது. தொடர் வந்துகொண்டிருந்த அந்தச் சில வாரங்கள் ஊரே அவர் பேச்சாக இருந்திருக்கிறது.

அவரை மாட்டிவிட்டது இன்னொரு பத்திரிகை. 'டெய்லி கிரானிக்கிள்' என்ற லண்டன் நாளிதழுக்கு வாசகர் கடிதங்கள் வர ஆரம்பித்தன. ஆஸ்திரேலியாவில் வாம்பட் என்று ஒரு பிராணி உண்டு. குட்டையான கால், கனத்த உடம்பு, மண்ணில் வளை தோண்டி வாழ்வது. அது சாயங்காலத்தில் கூட்டம் கூட்டமாக வானத்தில் பறந்ததைப் பார்த்ததாக இவர் எழுதியிருந்தார். அந்த ஊரில் வாழ்ந்தவர்கள் சும்மா இருப்பார்களா? கடிதம் மேல் கடிதம். சரி, நீங்கள் இருந்த இடத்தை வரைபடத்தில் காட்டுங்கள் என்று கேட்டார்கள். தங்கம் எடுக்கப்போகும் கம்பெனிக்காரர்களுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன், இடத்தைச் சொல்லக் கூடாது என்றார். அந்த மக்களின் மொழியைப் பற்றிக் கேட்டால் பேச மறுத்தார். அதற்குள் ஆளை அடையாளம் தெரிந்தவர்கள் முன்வந்தார்கள். 1875-ல் மேற்கு ஆஸ்திரேலிய கவர்னரின் வீட்டில் பணியாளாகப் போனவர், பிறகு முத்துக்குளிக்கும் படகு ஓட்டிப் பார்த்தவர், சிட்னியில் கல்யாணம் செய்து குழந்தைகளையும் மனைவியையும் விட்டுவிட்டு வந்தவர் என்று வரிசையாக வெளியே வந்தது. லண்டனுக்கு வந்து பிரிட்டிஷ் மியூசியம் நூலகத்தில் உட்கார்ந்து பழைய பயணக் குறிப்புகளைப் படித்துத்தான் கதையைக் கோத்திருக்கிறார். 1898 முடிவதற்குள் எல்லாம் வெளுத்துவிட்டது. அப்புறம் 'உலகத்திலேயே பெரிய பொய்யர்' என்று தன்னையே விளம்பரம் செய்துகொண்டு ஊர் ஊராக மேடை ஏறினார். 1921-ல் லண்டனில் ஏழையாகச் செத்துப்போனார்.

இதில் என்னை ரொம்ப நாள் யோசிக்க வைத்தது ஆமைச் சவாரிதான். எல்லோரும் அதிகம் சிரித்தது அதற்குத்தான். ஆமை முதுகில் உட்கார்ந்து, காலால் அதன் ஒரு கண்ணை மறைத்தால் மறுபக்கம் திரும்பும் என்று எழுதியிருந்தார். 1906-ல் லண்டன் ஹிப்போட்ரோம் அரங்கில், தண்ணீர்த் தொட்டியில், ஜனங்கள் கண் முன்னால் அவர் ஆமைமேல் ஏறிக் காட்டினார். அது முடிகிற காரியம்தான். அதேபோல, கரை ஒதுங்கி ஆஸ்திரேலியப் பழங்குடிகளோடு பல வருடம் வாழ்ந்ததும் நடக்காத விஷயம் இல்லை. நார்சிஸ் பெல்லெத்தியே என்ற பிரெஞ்சுக் கப்பல் பையன் 1858-ல் 14 வயதில் கேப் யார்க் கரையில் கைவிடப்பட்டு, அங்கிருந்த மக்களின் பிள்ளையாகவே 17 வருடம் வளர்ந்தான். 1875-ல் ஒரு கப்பல்காரர்கள் அவனைப் பார்த்து ஏற்றிக்கொண்டு போனார்கள். நம்ம கிரின் ஆஸ்திரேலியாவில் இறங்கியதும் அதே 1875-தான் என்பதைக் கவனியுங்கள்.

ஆகவே, 'நம்புகிற மாதிரி இல்லை' என்பதை வைத்துப் பொய் என்று முடிவு கட்டாதீர்கள். பெல்லெத்தியே திரும்பி வந்து சொன்னது மறு வருடமே பிரான்சில் புத்தகமானது. அதில் அந்த மக்களின் சொற்கள் இருக்கின்றன, சாப்பாடு இருக்கிறது, யாருக்கு யார் என்ன உறவு என்பது இருக்கிறது. கிரினிடம் தங்கம் இருந்தது, முத்து இருந்தது, சண்டை இருந்தது. 30 வருடம் குடும்பம் நடத்தியதாகச் சொன்ன ஊரின் மொழி மட்டும் வாயில் வரவில்லை. பர்மாவில் 5 வருடம் கடை வைத்திருந்த செட்டிநாட்டு ஆச்சி வீட்டுக் கணக்குப்பிள்ளைகூட, கேட்டால் பத்து பர்மியச் சொல்லாவது சொல்லுவார். வாழ்ந்த ஊர் ஒருவரை அப்படிச் சும்மா விடாது.

இது மதுரைக்கு எப்படி வந்தது? அந்தக் காலத் தமிழ்ப் பத்திரிகைகளுக்கு வெளிநாட்டுச் செய்தி என்றால் ஆங்கிலப் பத்திரிகைதான் வழி. 1904-ல் இங்கே சேதுபதி பள்ளியில் சில மாதம் தமிழாசிரியராக இருந்த பாரதி, இங்கிருந்து சென்னைக்குப் போய் சுதேசமித்திரனில் உதவியாசிரியர் ஆனார். அங்கே அவருக்கு அன்றாட வேலையே ஆங்கிலத்தில் வரும் செய்திகளையும் தந்திகளையும் தமிழில் பெயர்ப்பதுதான். பாரதிக்கே அதுதான் வேலை என்றால் மற்றவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. முக்கியமான அரசியல் செய்தி தந்தியில் வரும். விசித்திரச் செய்தி தபால் கப்பலில் ஆற அமர வரும். லண்டன் பத்திரிகையை பம்பாய் பத்திரிகை எடுத்துப் போடும், அதை மதராஸ் பத்திரிகை எடுக்கும், அதைத் தமிழில் சுருக்குவார்கள். ஒவ்வொரு கையிலும் 'என்று சொல்லப்படுகிறது' என்பது உதிர்ந்துகொண்டே வரும். கடைசியில் நம் தாத்தா கைக்கு வரும்போது அது நடந்த விஷயமாகவே வரும்.

மறுப்பு மட்டும் அந்த வழியில் வராது. இதை நான் உறுதியாகச் சொல்வதற்குக் காரணம், நானே அந்தக் கைகளில் ஒன்றாக இருந்திருக்கிறேன். மதுரையில் ஒரு நாளிதழின் செய்திப் பிரிவில் 28 வருடம் வேலை பார்த்தேன். சேர்ந்த புதிதில் ஒரு ராத்திரி, பக்கம் கட்டும் நேரத்தில் ஃபோர்மேன் வந்து "மூணாம் பக்கத்துல ஆறு இன்ச் காலியா நிக்குது, ஏதாவது துணுக்கு குடுங்க தம்பி" என்றார். மேஜை இழுப்பறையில் அட்டை கிழிந்த ஒரு ஆங்கில விசித்திரச் செய்திப் புத்தகம் எப்போதும் கிடக்கும். அதிலிருந்து மடகாஸ்கர் தீவின் மனிதனைத் தின்னும் மரத்தை இருபது நிமிடத்தில் தமிழாக்கிக் கொடுத்தேன். கம்போசிங்கில் எல்லோரும் ரசித்துப் படித்தார்கள். தலைப்பு நான்தான் வைத்தேன்.

நாலைந்து நாள் கழித்து உசிலம்பட்டிப் பக்கமிருந்து ஓர் இன்லண்ட் லெட்டர் வந்தது. ஒரு தாவரவியல் வாத்தியார் எழுதியிருந்தார். பிள்ளைகள் கேட்கிறார்கள், அந்த மரத்தின் தாவரப் பெயர் என்ன, எந்தக் குடும்பம், எங்கே பார்க்கலாம் என்று மூன்றே கேள்வி. மரியாதையான கடிதம். அப்போதுதான் தேட ஆரம்பித்தேன். அது 1874-ல் 'நியூயார்க் வேர்ல்ட்' பத்திரிகையில் எட்மண்ட் ஸ்பென்சர் என்பவர் இட்டுக்கட்டிய கதை. ஒரு ஜெர்மன் அறிஞர் போலந்து நண்பருக்கு எழுதிய கடிதம் என்று ஜோடித்திருந்தார். அந்த அறிஞர் இல்லை, அந்தப் பழங்குடி இல்லை, மரமும் இல்லை. 1888-லேயே ஓர் அமெரிக்கப் பத்திரிகை இது கட்டுக்கதை என்று எழுதிவிட்டது. அப்படியும் 1924-ல் அமெரிக்காவில் ஒரு மாநிலத்தின் முன்னாள் கவர்னர் அந்த மரத்தின் பெயரையே தலைப்பில் வைத்து மடகாஸ்கரைப் பற்றிப் புத்தகம் போட்டார். இதையெல்லாம் நான் தேடி முடிக்கும்போது மாதங்கள் ஓடிவிட்டன. திருத்தம் போடலாமா என்று கேட்டேன். பழைய துணுக்குக்கு எதற்குத் திருத்தம் என்று விட்டுவிட்டார்கள். வாத்தியாருக்கு மட்டும் நான் கடிதம் எழுதினேன். அந்த வகுப்பில் இருந்த பிள்ளைகள் எத்தனை பேர் அந்தக் கடிதத்தைப் பற்றிக் கேள்விப்பட்டார்களோ, இன்றுவரை எனக்கு அது உறுத்தல்தான்.

மடகாஸ்கர் எங்கேயோ இருக்கிறது. நம் தலைமேலேயே விடிந்த புளுகு ஒன்று இருக்கிறது. நம்மூரில் பொய் சொல்வதைக் 'கயிறு திரிக்கிறது' என்கிறோமே, இது நிஜமாகவே கயிறு. 'இந்தியக் கயிற்று வித்தை'. வித்தைக்காரர் கயிற்றை வானத்தில் எறிவார், அது கம்பு மாதிரி நிற்கும், பையன் அதில் ஏறி மறைந்துபோவான். உலகம் முழுக்க இந்தியா என்றதும் சொல்வது இதைத்தான். 1890 ஆகஸ்ட் 8-ல் 'சிகாகோ டிரிப்யூன்' ஒரு கட்டுரை போட்டது. இரண்டு அமெரிக்க இளைஞர்கள் கயாவில் இந்த வித்தையைப் பார்த்தார்களாம். ஒருவர் படம் வரைந்தாராம், ஒருவர் கேமராவில் எடுத்தாராம். வரைந்ததில் கயிறும் பையனும் இருந்தன, போட்டோவில் இரண்டும் இல்லை, ஆகவே ஃபக்கீர் கூட்டத்தையே மயக்கத்தில் ஆழ்த்தியிருக்கிறார் என்று முடித்திருந்தார்கள். கேமராவில் எடுத்த இளைஞரின் பெயர் எல்மோர், முன்னெழுத்து எஸ். சேர்த்துச் சொல்லிப் பாருங்கள், ஆங்கிலத்தில் 'இன்னும் நிறைய விற்றுத்தள்ளு' என்று காதில் விழும். எழுதியது ஜான் வில்கி என்ற நிருபர். இந்தியாவில் நடந்ததாக அவர் எழுதியது அத்தனையும் கற்பனை.

நான்கு மாதம் கழித்து, ஒரு கருத்தைச் சுவையாகச் சொல்வதற்காக எழுதிய கதை அது என்று அதே பத்திரிகை ஒப்புக்கொண்டது. அந்த வரிகளை யாரும் சீந்தவில்லை. கட்டுரை அதற்குள் இங்கிலாந்து முழுக்கப் போய், ஐரோப்பிய மொழிகளில் எல்லாம் பெயர்ந்து, இந்தியாவுக்கே திரும்பி வந்துவிட்டது. வில்கி 1898-ல் அமெரிக்க ரகசியப் போலீஸின் தலைவரானார். கிரின் லண்டனில் மாட்டிக்கொண்ட அதே வருடம். 1930-களில் லண்டனின் மந்திரவாதிகள் சங்கமான 'மேஜிக் சர்க்கிள்' இந்த வித்தையைத் திறந்த வெளியில் செய்து காட்டுகிறவருக்கு 500 கினி தருவதாக அறிவித்தது. யாரும் வாங்கவில்லை. எறிந்த கயிறும் ஏறிய பையனும் பழைய பயணக் கதைகளில் உண்டு. 14-ம் நூற்றாண்டில் இபின் பதூதா இதைப் போன்ற ஒன்றைச் சொல்கிறார். ஆனால் அவர் பார்த்ததாகச் சொன்ன இடம் சீனா.

1917-ல் பூனாவுக்குப் பக்கத்தில் கிர்க்கியில் ஒரு வெள்ளைக்கார ராணுவ அதிகாரி எடுத்த போட்டோ ஒன்று கயிற்று வித்தைக்கு ஆதாரமாகப் பத்திரிகைகளில் சுற்றியது. ஒரு சின்னப் பையன் உச்சியில் நிற்கிறான். கீழே இருப்பது கயிறு இல்லை, மூங்கில். மதுரையில் வளர்ந்த யாருக்கும் அதைப் பார்த்த உடனே தெரிந்துவிடும், அது கழைக்கூத்து.

நான் சின்ன வயதில் சிம்மக்கல்லில் பார்த்திருக்கிறேன். சாயங்காலம் மேளச் சத்தம் கேட்கும். அந்த அம்மா தரையில் உட்கார்ந்து ஒரே சீராகத் தட்டிக்கொண்டிருப்பார். இரண்டு பக்கமும் மூங்கிலைக் குறுக்காக நட்டு, நடுவே கயிறு. ஏழெட்டு வயதுப் பெண்பிள்ளை கையில் நீளக் கம்பைப் படுக்கைவாட்டில் பிடித்துக்கொண்டு நடக்கும். திரும்பி வரும்போது காலடியில் ஒரு தாம்பாளம். தட்டைக் கயிற்றின்மேல் முன்னும் பின்னும் உரசிக்கொண்டே வரும். அது முடிந்ததும் அப்பா மூங்கிலை இடுப்புத் துணியில் ஊன்றி நிறுத்துவார். மகன் சரசரவென்று ஏறி, நுனியில் வயிற்றை வைத்துக் கை காலை விரித்துச் சுற்றுவான். மேளம் அந்த நேரம் நின்றுவிடும். அப்பா மேலேயே பார்த்துக்கொண்டு பொடிப்பொடியாகக் காலை நகர்த்துவார், அவர் கழுத்து நரம்பு புடைத்து நிற்கும். பையன் இறங்கினதும்தான் அவர் முகத்தைத் துடைப்பார். பிறகு அந்தத் தாம்பாளம் கூட்டத்துக்குள் வரும். ஐந்து காசு, பத்து காசு.

இதில் மாயம் ஒன்றும் இல்லை, அத்தனையும் உடம்பு. சங்கப் பாட்டிலேயே கழைக்கூத்து வருகிறது. இந்த மக்கள் இரண்டாயிரம் வருடமாக நிஜமாகச் செய்வதை விட்டுவிட்டு, சிகாகோவில் மேஜையில் உட்கார்ந்து ஒருவர் எழுதியதைத்தான் உலகம் 'இந்திய வித்தை' என்று பிடித்துக்கொண்டது. எனக்கு ஆத்திரம் அங்கேதான். ரூஜ்மாண்ட் கதையிலும் அதே. அவர் நரமாமிசம் தின்றதாக எழுதிய மக்களிடம் லண்டனில் யாரும் போய்க் கேட்கவில்லை. அவர் பொய்யர் என்று தெரிந்த பிறகும் அந்த மக்களைப் பற்றி அவர் கிளப்பிவிட்டது அப்படியே நின்றது.

தென்னிந்தியாவைப் பற்றியே இன்னொன்று உங்கள் கட்டில் இருக்கலாம், இருந்தால் ஏமாந்துவிடாதீர்கள். 1936 ஜூனில் 'இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்' சுப்பையாப் புலவர் என்ற யோகி அந்தரத்தில் படுத்திருக்கும் போட்டோக்களைப் போட்டது. போட்டோ நிஜம். அவர் கை ஒரு துணி சுற்றிய தடியின்மேல் இருப்பதைப் பாருங்கள். நூறு வருடத்துக்கு முன்பே மதராஸில் ஒரு பிராமணர் இதே மாதிரி தடியில் கை வைத்து அந்தரத்தில் உட்கார்ந்து காட்டி வெள்ளைக்காரர்களை அசத்தியிருக்கிறார். துணிக்குள் இரும்பு இருந்தது. அது தேர்ந்த வித்தைக்காரரின் வேலை, அதற்கான மதிப்பை அவருக்குக் கொடுக்க வேண்டும். யோகசக்தி என்று பெயர் சூட்டியது பத்திரிகை.

சரி, உங்கள் கட்டுக்கு வருகிறேன். கதையைப் படிப்பதற்கு முன்னால் துண்டைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படியுங்கள். கதை எழுதியவர் பின்பக்க விளம்பரத்தைப் பற்றி நினைத்திருக்க மாட்டார், அதனால் அது பொய் சொல்லாது. உங்கள் தைலம் அணாவில் இருப்பதால் பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முந்தியது. 'ந.பை.' (நயா பைசா) என்று இருந்தால் 1957-க்கும் 1964-க்கும் இடையில். முகவரியில் பின்கோடு இருந்தால் 1972-க்குப் பிந்தியது. 'சென்னை ராஜ்யம்' என்று இருந்தால் 1969-க்கு முந்தியது. எழுத்தையும் பாருங்கள். தும்பிக்கை மாதிரி வளைந்த பழைய 'லை', 'னை', 'ளை', பழைய 'றா', 'னா' இருந்தால் 1978-ல் அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முந்திய அச்சாக இருக்கவே அதிக வாய்ப்பு. பெரியாரின் ஏடுகள் மட்டும் 1935-லிருந்தே புது எழுத்தில் வந்தன.

இந்தத் துண்டு 1898-லேயே வந்ததா, 1940-களில் யாரோ பழசைத் தோண்டி எடுத்துப் போட்டதா என்பது அதன் நடையில் தெரியும். 'போன தபாலில் வந்த லண்டன் பத்திரிகையில்' என்கிற மாதிரி ஆரம்பித்தால் முதல் வகை, அபூர்வமானது. 'சில ஆண்டுகளுக்கு முன்' என்று ஆரம்பித்தால் நான் அன்று ராத்திரி செய்த வேலையை யாரோ எனக்கு முன்னாலேயே செய்திருக்கிறார்கள். மதுரையில் 1942-ல் தினத்தந்தி தொடங்கிய பிறகு இங்கேயே நாளிதழ் அச்சாகி வாசகர்களும் பெருகினார்கள், துணுக்குக்கும் தேவை கூடியது. தாத்தா வெட்டி வைத்தது அந்தக் காலத்துத் துண்டாக இருக்கலாம் என்று எனக்குப் படுகிறது. இரண்டு பக்கமும் வெயில் படாத வெளிச்சத்தில் போட்டோ எடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

லேமினேஷன் செய்துவிடாதீர்கள், செல்லோ டேப்பும் வேண்டாம். நாளாக ஆக பசை மஞ்சளாகி எழுத்தைத் தின்றுவிடும். வெள்ளைத் தாளுக்கு நடுவே ஒவ்வொன்றாக வைத்து, தட்டையான அட்டைப் பெட்டியில் போடுங்கள். கட்டு முழுவதையும் கொடுக்க நினைத்தால் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. அதுவே நம்ம பக்கத்துக் கோட்டையூரில் ஒருவர் இப்படி வெட்டியும் சேர்த்தும் வைத்ததிலிருந்து உண்டானதுதான். துடைக்கும்போது ஓரத்தில் மட்டும் கவனமாக இருங்கள். தாத்தாவின் பென்சில் எழுத்துமேல் ரப்பரோ ஈரத் துணியோ பட்டால் 'நிஜமா?' தாளோடு உரிந்து வந்துவிடும்.